மாதிரி இருப்புப்பாதைக் கலையும் அறிவுப் பகிர்வும்

மேனாட்டார் ஓய்வுப்பொழுதிற் பயிலும் கைவினைகளுள் மாதிரி இருப்புப்பாதை அமைத்தலும் ஒன்று. எஞ்சின், பெட்டி, தண்டவாளம், நிலையம், கைகாட்டி, பாலம், சுரங்கவழி என்பவற்றையும், அவற்றைச் சூழ்ந்த ஊர், வயல், குன்று என்பவற்றையும் ஒரே அளவுத்திட்டத்திற் சுருக்கி, வீட்டின் ஓர் அறையிலோ கூரையின் கீழுள்ள பரணிலோ அமைத்து இயக்குவதே இக்கலையாகும். கடையில் வாங்கிய விளையாட்டுப் புகையிரதத்தை வட்டமாக ஓடவிட்டு மகிழும் சிறுவனின் செயலினின்றும் இது பெரிதும் வேறுபட்டது. இதனைப் பயில்வோருள் எழுதுவினைஞர், பொறியியலாளர், ஆசிரியர், குருமார் முதலிய பல தொழிலினரும் உளர். ஒரு பாதையை அமைத்தற்குப் பத்தாண்டு செலவிடுவோரும், வாழ்நாள் முழுவதையும் செலவிடுவோரும் அவர்களிடையே அரியரல்லர்.

இவர்களிடத்து ஊன்றி நோக்கத்தக்க வழக்கம் ஒன்றுண்டு. தம் பாதை முற்றுப்பெறும் வரை இவர்கள் காத்திருப்பதில்லை. பலகைத் தளம் அமைத்தவுடன் அதனை ஏனையோர்க்குக் காட்டுவர். தண்டவாளம் இட்டபின் மீண்டும் காட்டுவர். வண்டி தடம்புரண்டால் எவ்விடத்து எக்காரணத்தாற் புரண்டதென எழுதுவர். பிரித்து மறுபடி அமைத்தால் அதனையும் அறிவிப்பர். குறையாக நிற்கும் வேலையைக் கூச்சமின்றிக் காட்டும் இவ்வழக்கமே ஒரு விளையாட்டை முறைப்பட்ட அறிவுத்துறையாக வளர்த்தது என்பது எம் துணிபு. அதனை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

பொது அளவின் தோற்றம்

இருவர் தம் வேலையை ஒருவர்க்கொருவர் உணர்த்த வேண்டுமாயின் முதற்கண் அவ்விருவர்க்கும் பொதுவான அளவு வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விளையாட்டுப் புகையிரதஞ் செய்த தொழிலாளர் தத்தமக்கு வாய்ப்பான அளவிற் செய்தனர். ஒருவர் செய்த வண்டி மற்றொருவர் செய்த தண்டவாளத்தில் ஓடாது. ஜேர்மனியிலுள்ள கெப்பிங்கன் நகரில் 1859ஆம் ஆண்டு தோன்றிய மேர்க்ளின் நிறுவனம், 1891ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் தன் புகையிரதங்களைக் காட்சிக்கு வைத்தபொழுது, பாதையகலங்களை எண்ணிட்டு வகுத்தது. ஓரெண்ணுக்குரிய பொருள்கள் யாவும் தம்முட் பொருந்தும். பாதையகலம் என்பது இரு தண்டவாளங்களின் உட்பக்கங்களுக்கு இடைப்பட்ட தூரமாகும். பின்னர், ஒன்றாம் எண்ணினுஞ் சிறிய 32 மில்லிமீற்றர் அகலம் வந்தபொழுது அதற்குப் பூச்சியம் எனப் பெயரிட்டனர். அதன் பாதியளவினதாகிய 16.5 மில்லிமீற்றர் அகலம் ஐரோப்பாக் கண்டத்தில் ‘அரைப் பூச்சியம்’ என்னும் பெயர் பெற்றது. உண்மைப் பாதையை 87இல் ஒரு பங்காகச் சுருக்குமிடத்து இவ்வகலம் கிடைக்கும். இன்று உலகிற் பெருவழக்காயுள்ளது இதுவே. 1960களில் 9 மில்லிமீற்றர் அகலமும், 1972ஆம் ஆண்டு 6.5 மில்லிமீற்றர் அகலமும் இவ்வரிசையிற் சேர்ந்தன.

பொது அளவினால் விளையும் நன்மை பெரிது. ஆயினும் அதனை வகுக்குங்காற் புகுந்த வழு எளிதில் நீங்காது என்பதற்கு இங்கிலாந்து சான்றாகும். ஆங்கில நாட்டு எஞ்சின்கள் ஐரோப்பாக் கண்டத்து எஞ்சின்களிலும் உருவிற் சிறியன. அவற்றை 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால், அக்காலத்து மின்னியக்கி அவ்வுடலுள் அடங்கவில்லை. ஆதலின் எஞ்சினின் உடலை அடிக்கு 4 மில்லிமீற்றர் என்னும் சற்றே பெரிய அளவுத்திட்டத்திற் செய்து, தண்டவாளத்தை மட்டும் 16.5 மில்லிமீற்றராகவே விட்டுவிட்டனர். 1938ஆம் ஆண்டு வெளிவந்த ஹோர்ன்பி டப்லோப் புகையிரதங்கள் இம்முறையை நாடெங்கும் பரப்பின. உண்மையான பாதையின் அகலம் 4 அடி 8½ அங்குலம். அடிக்கு 4 மில்லிமீற்றர் எனக் கணித்தால் 18.83 மில்லிமீற்றர் வருதல் வேண்டும். 16.5 மில்லிமீற்றரோ 4 அடி 1½ அங்குலத்தையே குறிக்கும். ஆகவே ஆங்கிலேயரின் மாதிரி எஞ்சின்கள் ஏழங்குலம் ஒடுங்கிய பாதையில் ஓடி வருகின்றன. கண்ணுக்குப் புலனாகும் இக்குறையை நீக்க விரும்பிய சிலர் 18 மில்லிமீற்றர் அகலத்தைக் கைக்கொண்டனர். 1960களில் வேறு சிலர் 18.83 மில்லிமீற்றரையே நுண்ணிதிற் பின்பற்றுமாறு சில்லு, தண்டவாளம் ஆகியவற்றுக்கு அளவுகள் வகுத்தனர். எனினும் பெரும்பாலோர் பழைய அளவையே இன்றும் ஆள்கின்றனர். கடையிற் கிடைப்பதும் அயலவரிடத்து ஓடுவதும் அதுவேயாதலின் என்க.

இலங்கையின் அகலப் பாதை 5 அடி 6 அங்குலமாகும். அது மேற்கூறிய அளவுத்திட்டத்தில் 22 மில்லிமீற்றர் ஆதல் வேண்டும். எனவே எம் நாட்டுப் புகையிரதத்தை அளவு வழுவாது அமைக்க விரும்புவோர் 16.5 மில்லிமீற்றர்க் கடைத் தண்டவாளத்தைக் கொண்டு அதனைச் செய்தல் இயலாது. தாமே தண்டவாளம் இட்டுக்கொள்ளல் வேண்டும்.

அறையின் ஒடுக்கம்

இனி, இக்கலையின் இடர்ப்பாடுகளை நோக்குவாம். அடிக்கு 4 மில்லிமீற்றர் என்னும் அளவுத்திட்டத்தில் ஒரு மைல் 21 மீற்றருக்குச் சற்று மேற்படும். 12 அடி நீளமுள்ள அறையொன்று ஏறக்குறைய 914 அடி நிலத்தையே கொள்ளும். நடுத்தரமான நிலையமொன்றை முழுதாக அமைத்தற்கும் இது போதாது. உண்மைப் பாதையில் 400 மீற்றர் ஆரையுடைய வளைவு கடுமையான வளைவாகக் கருதப்படும். மாதிரியில் அது 5 மீற்றருக்கு மேற்பட்ட ஆரையினதாதல் வேண்டும். வீடுகளிலோ 2 அடி அல்லது 3 அடி ஆரைக்கு மேல் இடமில்லை. பாதையொன்று மற்றொன்றின்மேற் பாலங் கட்டிக் கடத்தற்கு மூன்றங்குல உயரம் வேண்டும் எனக் கொள்வோம். நாற்பதுக்கு ஒன்று என்னும் சாய்விற் செல்லுமிடத்து அவ்வுயரத்தை அடைதற்குப் பத்தடி நீளப் பாதை தேவைப்படும். மீண்டும் இறங்குதற்கு மற்றுமொரு பத்தடி வேண்டும்.

ஆதலின் மாதிரி அமைப்போன் எதனை வைப்பது, எதனை விடுவது என்று தெரிதல் வேண்டும். பத்துத் தடங்களுள்ள நிலையத்தை நான்கு தடங்களில் அமைத்து, அதன் இயல்பு மாறாதவாறு காட்டுதலே திறமை. தூரத்தைக் காட்டுதற்கு இவர்கள் கைக்கொள்ளும் உபாயம் நாடக அரங்கின் உபாயம் போன்றது. நிலையத்தை விட்டுப் புறப்படும் வண்டி ஒரு பாலத்தின் கீழோ சுரங்கவழியிலோ நுழைந்து மறைகின்றது. மறைவிடத்திற் சில தடங்கள் உள. ஆங்கே வண்டிகளைக் கையினால் மாற்றி ஒழுங்குசெய்து உரிய நேரத்தில் மீண்டும் வெளியே விடுவர். அரங்கிலிருந்து சென்ற நடிகன் திரைமறைவில் நிற்பினும், காண்போன் அவன் அயலூர் சென்றதாகவே கொள்கின்றான். அவ்வாறே இம்மறைவிடம் உலகின் எஞ்சிய பகுதி முழுவதற்கும் நிற்கின்றது.

மின்னிணைப்பிலும் இடர்கள் பல. ஒரு தண்டவாளம் மின்னின் நேர்முனையாகவும் மற்றையது எதிர்முனையாகவும் இருக்க, 12 வோல்ற்று மின்னோட்டம் சில்லுகளின் வழியே இயக்கியை அடைதல் பொதுவான முறை. வண்டி சென்ற வழியே திரும்பி வருமாறு பாதையைக் கண்ணிபோல வளைத்துத் தன்னோடு சேர்ப்போமாயின், இடத் தண்டவாளம் வலத் தண்டவாளத்தைச் சந்திக்கும். குறுஞ்சுற்று ஏற்பட்டு ஓட்டம் நின்றுவிடும். அக்கண்ணியை இருபுறமும் வெட்டித் தனிப்பகுதியாக்கி, அதற்கெனத் தனி ஆளி வைத்தால் இடர் நீங்கும். 1990களில் வழக்கிற்கு வந்த எண்முறைக் கட்டுப்பாட்டில் தண்டவாளத்தில் மின் என்றும் நிற்கும். ஒவ்வோர் எஞ்சினும் தனக்கெனக் குறித்த எண்ணுக்கு வருங் கட்டளையை மட்டும் ஏற்கும். ஆயினும் இடமும் வலமும் சந்திப்பின் குறுஞ்சுற்று ஏற்படுதல் அதனிலும் மாறவில்லை.

இவ்விடர்கள் ஒருவருடைய வீட்டிற்கு மட்டும் உரியனவல்ல. எந்நாட்டில் எவர் அமைப்பினும் இவையே எழும். ஒவ்வொருவரும் தனித்திருந்து தீர்வு காண முயல்வராயின், ஒரே பிழையை ஆயிரவர் ஆயிரம் முறை செய்வர். முதல்வன் தன் பிழையை அளவோடு எழுதிவைப்பின், இரண்டாமவன் அடுத்த பிழையிலிருந்து தொடங்கலாம். அறிவு வளருமாறு இதுவன்றோ?

கழகங்களும் சஞ்சிகைகளும்

இப்பகிர்வுக்கு வாயிலாய் அமைந்தவை சஞ்சிகைகளும் கழகங்களுமாம். இங்கிலாந்தில் 1898ஆம் ஆண்டு பேர்சிவல் மார்ஷல் தொடக்கிய ‘மொடல் என்ஜினியர்’ சஞ்சிகை இத்துறைக்கு வழிவகுத்தது. 1909ஆம் ஆண்டு ஹென்றி கிறீன்லி புகையிரத மாதிரிகளுக்கெனவே ஒரு சஞ்சிகையை வெளியிட்டார். அடுத்த ஆண்டு இலண்டனில் மாதிரி இருப்புப்பாதைக் கழகம் தோன்றியது. அது இத்தகைய கழகங்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுகின்றது. 1960ஆம் ஆண்டு கிங்ஸ் குறொஸ் நிலையத்திற்கு அணித்தாகத் தனக்கெனக் கட்டடமும் பெற்றது. அமெரிக்காவில் மில்வோக்கி நகரில் 1934ஆம் ஆண்டு ‘மொடல் றெயில்றோடர்’ சஞ்சிகையும், 1935ஆம் ஆண்டு தேசிய சங்கமும் தோன்றின. சில்லு, தண்டவாளம் ஆகியவற்றின் அளவுகளை அச்சங்கம் வரையறுத்து, அவற்றைச் சோதித்தற்கு ஓர் உலோகத் தகட்டையும் வழங்கியது. அத்தகட்டினை வைத்துப் பொருந்துகின்றதா எனப் பார்த்தலே போதும், வாதம் வேண்டா.

1949ஆம் ஆண்டு தோன்றிய ‘றெயில்வே மொடெலர்’ என்னும் ஆங்கிலச் சஞ்சிகையின் ஆசிரியராகச் சிறில் பிறீசர் 1950ஆம் ஆண்டு முதல் 1978ஆம் ஆண்டு வரை பணியாற்றினார். பெரிய மாளிகையும் பெருஞ்செல்வமும் உடையார்க்கே இக்கலை உரியதென்ற எண்ணத்தை மாற்றியவர்களுள் அவர் முதன்மையானவர். 1957ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ‘மினறிஸ்’ என்னும் வரைபடம், ஏறக்குறைய ஏழடி நீளமும் ஓரடிக்குட்பட்ட அகலமும் உடைய பலகையில் நகரத்து முடிவிட நிலையமொன்றை அமைக்குமாற்றைக் காட்டியது. வண்டிகள் குறுகிய இடத்தில் முன்னும் பின்னும் முரண்பட வளையாது தடம் மாறும்படி அதன் கிளைப்பாதைகள் அமைந்திருந்தன. அவ்வரைபடத்தைக் கண்டோர் தத்தம் அறைக்கேற்ப அதனை நீட்டியும் மடக்கியும் திருத்தியும் அமைத்து, தாம் செய்த திருத்தங்களை வெளியிட்டனர். ஒருவரின் சிந்தனை பலர் கைப்பட்டுப் பொதுவுடைமையாயிற்று.

நல்ல முன்னேற்ற அறிக்கையொன்றுக்கு வேண்டுவன யாவை? அறையின் நீள அகலமும், அளவுத்திட்டத்தில் வரைந்த படமும் முதலில் வேண்டும். பயன்படுத்திய மரம், கம்பி, பசை முதலியவற்றின் அளவும் தன்மையும் அடுத்து வேண்டும். கம்பிவலையின்மேற் பசை தோய்த்த தாளைப் போர்த்துப் பரிசுச் சாந்து பூசி மலையமைத்தேன் என்பவர், அச்சாந்தின் தடிப்பையும் உலர்ந்தபின் வெடித்த இடத்தையும் கூறல் வேண்டும். இறுதியாக, எண்ணியவாறு நடவாததும் அதன் காரணமும் வேண்டும். இறுதியிற் கூறியது இல்லாத அறிக்கை விளம்பரமாகுமேயன்றிப் பாடமாகாது.

மூவர் பணி

இவ்வழக்கத்தின் பயனை மூவருடைய பணி கொண்டு காட்டுவாம்.

முதல்வர் பீற்றர் டெனி என்னும் ஆங்கிலக் குருவானவர். இரண்டாம் உலகப்போரின் பின்னர் அவர் தொடங்கிய பக்கிங்காம் கிளைப்பாதை 1907ஆம் ஆண்டின் தோற்றத்தை மேற்கொண்டது. அப்பாதையை அவர் பலமுறை பிரித்துத் திருத்தி அமைத்தார். ஒவ்வொரு திருத்தத்தையும் அதன் காரணத்தையும் சஞ்சிகைகளில் எழுதிவந்தார். அவர்தம் பாதை நேரசூசிப்படி இயங்கியது. நிலையத்திற்கு ஒருவர், மறைவிடத் தடங்களுக்கு ஒருவர் என ஆள் வேண்டியிருந்தது. துணைபுரிந்த மகன் கிறிஸ்பின் இல்லாதபொழுது மறுமுனை வேலையைச் செய்தற்குப் பொறியொன்றை இயற்றி, அதற்குத் ‘தானியங்கும் கிறிஸ்பின்’ எனப் பெயரிட்டார். புகையிரதத்தை ஓடவிடுதலினும் புகையிரத சேவையை நடத்துதல் பெரிதென்பதைப் பலர் அவர் கட்டுரைகளால் அறிந்தனர்.

இரண்டாமவர் ஜோன் அலன் என்னும் அமெரிக்கர். கலிபோர்ணியாவின் மொன்றரே நகரில், தரை முதல் முகடு வரை உயர்ந்த மலைகளினூடே செல்லும் பாதையை அவர் தம் வீட்டில் அமைத்தார். எஞ்சினிலும் கட்டடத்திலும் தூசியும் துருவும் படிந்த தோற்றத்தை வண்ணத்தாற் காட்டுதல், கண்ணாடி வைத்து இடத்தைப் பெருக்கிக் காட்டுதல், மாதிரியைப் புகைப்படம் எடுத்தல் முதலிய முறைகளைக் கட்டுரை வாயிலாகவும் படங்கள் வாயிலாகவும் உலகறியச் செய்தார். 1973ஆம் ஆண்டு தை மாதம் அவர் இறந்தார். இறந்து ஏறக்குறையப் பத்து நாளில் அவர்தம் பாதை தீக்கிரையாயிற்று. ஆயினும் அவருடைய முறைகளைக் கற்றவர்கள் பல நாடுகளில் இருந்தனர். எரிந்தது பாதை, அவர் எழுதியும் காட்டியும் வைத்த அறிவு எரியவில்லை.

மூன்றாமவர் றோய் இங்கிலாந்து என்னும் பெயருடையவர். அவுஸ்திரேலியாவிலிருந்து 1925ஆம் ஆண்டு இங்கிலாந்துக்கு வந்தவர். வெண்புரவிப் பள்ளத்தாக்கின் கூரைவேய்ந்த பழைய குடிசைகள் ஒவ்வொன்றாய் மாறி மறைதலைக் கண்டு வருந்தி, அவற்றை அளந்து மாதிரி செய்யத் தொடங்கினார். அம்முயற்சி 1954ஆம் ஆண்டு லோங் விற்றனம் என்னும் ஊரில் பெண்டன் அருங்காட்சியகமாக உருப்பெற்றது. 1920களையும் 1930களையும் சார்ந்த நாட்டுப்புற வாழ்வு அடிக்கு 4 மில்லிமீற்றர் அளவில் ஆங்கே அமைந்துள்ளது. அவர் 1995ஆம் ஆண்டு மறைந்தபின்னும் தொண்டர் பலர் அவ்வேலையைத் தொடர்கின்றனர். ஜோன் ஏர்ன் என்பார் அமைத்த, நிலக்காட்சி சிறந்த ‘மடர் வலி’ மாதிரிப் பாதையும் அங்கேயே பாதுகாக்கப்படுகின்றது. ஒரு தலைமுறையினர் தொடங்கியதை மறு தலைமுறையினர் தொடரக் காரணம், முன்னவர் தம் அளவுகளையும் முறைகளையும் மறைக்காது வைத்துச் சென்றமையே.

ஈண்டு எம் நாட்டை எண்ணாதிருத்தல் அரிது. 1905ஆம் ஆண்டு முழுமையுற்ற வடபகுதிப் புகையிரதப் பாதையில் யாழ்ப்பாணத்திற்கான சேவை 1990ஆம் ஆண்டு நின்றது. 2014ஆம் ஆண்டு மீண்டும் புகையிரதம் வந்தபொழுது புதிய தண்டவாளத்தின் மேலேயே வந்தது. இடைப்பட்ட 24 ஆண்டுகளிற் பழைய தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் நிலையக் கட்டடங்கள் பலவும் அழிந்தொழிந்தன. பழைய சிறு நிலையமொன்றின் மேடை எத்துணை நீளம், பயணச்சீட்டுச் சாளரம் எத்திசை நோக்கியது, கைகாட்டி எவ்விடத்து நின்றது என்பவற்றை நினைவிற் கொண்டுள்ளோர் முதியோரே. அவர்கள் உள்ளபொழுதே கேட்டு, அளவிட்டு, வரைந்து வைத்தல் இளைஞர் கடன். அதனை மாதிரியாகச் செய்ய முற்படின், கேளாது விட்ட வினாக்கள் யாவும் தாமே முன்வந்து நிற்கும். சுவரின் நிறத்தை அறியாது அதற்கு வண்ணம் பூசுதல் கூடுமோ?

எதிர்பாராத விளைவு

இக்கலை பயந்த பெரும்பயன் ஒன்று அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்து மாணவர் 1946ஆம் ஆண்டு மாதிரி இருப்புப்பாதைக் கழகம் ஒன்றை நிறுவினர். அவருட் சிலர்க்கு நிலக்காட்சியினும் பலகையின் கீழுள்ள மின்னிணைப்பிலேயே வேட்கை மிகுதி. தொலைபேசி நிலையங்களிற் பயன்படும் அஞ்சலிகளைக் கொண்டு, பல வண்டிகளைப் பலர் ஒருங்கே இயக்கத்தக்க கட்டுப்பாட்டு முறையை அமைத்தனர். ஒருவர் செய்த இணைப்பை மற்றவர் ஆராய்ந்து திருத்துதல் அவர் வழக்கம். 1950களின் இறுதியில் அந்நிறுவனத்திற் கணினிகள் மாணவர் கைக்கு எட்டியபொழுது அதே வழக்கத்தை அவற்றினிடத்தும் கொண்டுசென்றனர். தாம் எழுதிய கட்டளைத் தொடர்களைப் பூட்டிவையாது யாரும் எடுத்துத் திருத்தும்படி வைத்தனர். 1962ஆம் ஆண்டு உருவான ‘ஸ்பேஸ்வோர்’ என்னும் கணினி விளையாட்டு அக்கழகத்தாரின் ஆக்கமே. கணினித்துறையில் இன்று பெருவழக்காயுள்ள திறந்த பகிர்வுக்குரிய ஊற்றுகளுள் ஒன்று மாதிரிப் புகையிரதப் பலகையின் கீழ் இருந்தது என்றால் அது மிகையாகாது.

முடிவுரை

எம் பள்ளிகளில் மாணவர் செவ்வைப் பிரதியையே ஆசிரியர்க்குக் காட்டுவர். அடித்துத் திருத்திய தாள் குப்பைக்குச் செல்லும். ஆய்வுகூடத்தில் விடை பிழைத்தால், நூலிற் கண்ட விடையை எழுதிவிடுதலும் உண்டு. கைவினைஞர் பலரும் தொழில் நுணுக்கத்தைத் தம் மக்கட்கன்றிப் பிறர்க்கு உரையாது போயினர்; மக்கள் வேறு தொழில் நாடியபொழுது அந்நுணுக்கம் அவர்களோடு மறைந்தது. குறையைக் காட்டுதல் இழுக்கு என்னும் எண்ணமே இவை யாவற்றுக்கும் வேர்.

மாதிரி இருப்புப்பாதை அமைப்போர் வேறு நெறி நின்றனர். தடம்புரண்ட வண்டியை மறைக்காது, அது புரண்ட வளைவின் ஆரையை அளந்து எழுதினர். அதனால் அடுத்தவரின் வண்டி புரளாது ஓடியது. கல்லூரி விஞ்ஞானக் கழகங்கள் இந்நெறியை மேற்கொள்ளுதல் அரிதன்று. மாணவர் செய்யும் எந்தப் பொறிக்கும் கருவிக்கும் ஒரு குறிப்பேடு வைத்து, நாளும் அளவும் செய்கையும் பிழையும் எழுதி, அடுத்த ஆண்டு வருவோர் கையில் அதனை ஒப்படைத்தல் போதும். பத்தாண்டுக் குறிப்பேடுகள் அவ்வாறு ஓரிடத்திற் சேருமாயின், அவற்றினும் பயனுடைய பாடநூலொன்றை எக்கடையிலும் வாங்க இயலாது.